அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

வாசகர் கேள்வி பதில்: கணினி

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வைரஸ், விலை, எந்த மாடல் வாங்கலாம் என்பவை கொஞ்சம்தான். மற்றவை எல்லாம் இயங்குதளத்தில் போய் நிற்கின்றன. சிபியுவின் நேரத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, ரேமை எப்படிப் பங்கிடுவது, டிஸ்கில் எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது, யார் எதைத் தொடலாம் என்று காவல் காப்பது. இந்த நான்கு வேலையைச் செய்பவற்றுக்குத்தான் விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

கேள்வி: உயர்நிலை மூன்றில் கம்ப்யூட்டிங் படிக்கிறேன். என் மடிக்கணினியில் 8 கோர்கள். டாஸ்க் மேனேஜரோ 240 ப்ராசஸ் ஓடுவதாகக் காட்டுகிறது. எட்டுப் பேர் 240 வேலையை ஒரே நேரத்தில் எப்படிச் செய்கிறார்கள்? (மாணவி, ஈசூன்)

பதில்: செய்வதில்லை, செய்வதுபோல் தெரிகிறது. ஒரு கோர் ஒரு கணத்தில் ஒரு ‘த்ரெட்’டை, அதாவது ஒரே வரிசையில் ஓடும் கட்டளைத் தொடர் ஒன்றைத்தான் ஓட்டும். சில பிராசசர்களில் ஒரு கோர் இரண்டைத் தாங்கும். அப்படியே வைத்தாலும் பதினாறுதான்.

காலை எட்டு மணிக்குத் தேக்கா உணவங்காடி நிலையத்தில் புரோட்டா போடுபவரைக் கவனியுங்கள். கல்லில் நாலைந்து கிடக்கும். ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டு அது சிவக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். அடுத்த உருண்டையை வீசி விரிக்கப் போய்விடுவார். முட்டை தீர்ந்துவிட்டால் முட்டைப் புரோட்டா ஆர்டர் ஓரத்தில் ஒதுங்கும், மற்றவை நடக்கும். உங்கள் 240 ப்ராசஸிலும் பெரும்பாலானவை அப்படி ஓரத்தில் ஒதுங்கியவைதான். ஒன்று நீங்கள் கீபோர்டைத் தட்டக் காத்திருக்கிறது, இன்னொன்று இணையத்திலிருந்து தரவு வர, மற்றொன்று டிஸ்க் பதில் சொல்ல. காத்திருக்கும் ப்ராசஸ் சிபியு நேரத்தைச் செலவழிப்பதே இல்லை.

ஆனால் புரோட்டாக்காரர் தாமாக முடிவெடுத்து அடுத்த வேலைக்கு மாறுகிறார். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இடத்தைவிட்டு நகர மறுத்தால் என்ன செய்வது? அதற்காகவே வன்பொருளில் ஒரு டைமர் இருக்கிறது. விண்டோஸில் இயல்பாக 15.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 64 தடவை, அது சிபியுவைத் தட்டி நிறுத்திக் கட்டுப்பாட்டை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் கொடுக்கும். கெர்னலில் உள்ள ஷெட்யூலர் நேரம் தீர்ந்ததா என்று பார்க்கும். தீர்ந்திருந்தால், ஓடிய த்ரெட்டின் ரெஜிஸ்டர்களையும் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) எந்தக் கட்டளையில் நின்றது என்பதையும் குறித்துவைத்துவிட்டு, வரிசையில் நிற்கும் இன்னொன்றின் குறிப்பை எடுத்து ஏற்றும். இந்த மாற்றத்துக்குச் சில மைக்ரோவினாடிகள்தான் ஆகும். நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது.

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் இந்த ஏற்பாடு செயலிகளுக்கு இல்லை. ஒவ்வொரு செயலியும் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தது ஓடும். ஒன்று சிக்கினால் மொத்தத் திரையும் உறையும். பழைய மேக் கணினிகளும் மேக் ஓஎஸ் 9 வரைக்கும் அப்படித்தான்.

தேர்வுக்கு ஒரு வரி: டிஸ்கில் கிடக்கும் கோப்பு ‘ப்ரோகிராம்’, அது ரேமில் ஏறி, தனக்கென நினைவகமும் திறந்த கோப்புகளும் குறைந்தது ஒரு த்ரெட்டும் பெற்றுவிட்டால் ‘ப்ராசஸ்’.

டாஸ்க் மேனேஜரில் நோண்டும்போது மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 95 விழுக்காடு என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அது சும்மா இருக்கும் நேரத்தின் அளவு. எந்தச் செயலிக்கும் ‘ரியல்டைம்’ முன்னுரிமை கொடுக்காதீர்கள். அது மௌஸையும் கீபோர்டையும் கவனிக்கும் வேலைகளையே பின்னுக்குத் தள்ளிவிடலாம். ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தால் செயலி செத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. தனக்கு வந்த கிளிக், தட்டல் போன்ற செய்திகளை அந்த ஜன்னல் 5 வினாடியாக எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் விண்டோஸ் சொல்வது. பெரிய எக்செல் கோப்பு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கலாம். அதன் சிபியு, டிஸ்க் எண்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். அசைந்தால் காத்திருங்கள், பல நிமிடமாக இரண்டும் பூஜ்யமாக இருந்தால் ‘எண்ட் டாஸ்க்’.

கேள்வி: தினமும் இரவு ஷட் டவுன் செய்துதான் படுக்கிறேன். ஆனாலும் ஏதாவது கோளாறு என்றால் அலுவலக ஐடி ஆள் முதலில் “ரீஸ்டார்ட் பண்ணீங்களா?” என்றே கேட்கிறார். அணைத்துப் போடுவதும் அதுதானே? (வாசகர், தோ பாயோ)

பதில்: விண்டோஸில் இரண்டும் ஒன்றல்ல. ஐடி ஆள் கேட்பது நியாயம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதில் ‘சிபியு’. கீழே ‘அப் டைம்’ என்று ஓர் எண் இருக்கும். நேற்றிரவு அணைத்த கணினியில் அது 12 நாள், 20 நாள் என்று காட்டினால் விஷயம் விளங்கிவிடும்.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகள் மூடப்படும், உங்கள் கணக்கும் வெளியேறும். ஆனால் கெர்னலும் டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலை அப்படியே ‘ஹைபர்ஃபில்’ என்ற கோப்பில் டிஸ்கில் எழுதப்படும். காலையில் பட்டனை அழுத்தினால் புதிதாகத் தொடங்காமல் அந்தக் கோப்பை ரேமில் ஏற்றிவிடும். வேகமாகத் திறக்கும், சரி. நேற்றுச் சிக்கிய வைஃபை டிரைவரும் சிக்கிய நிலையிலேயே எழுந்து வரும்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தக் குறுக்குவழி கிடையாது. முதலில் மதர்போர்டில் இருக்கும் யுஇஎஃப்ஐ மென்பொருள் எழுந்து ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று சோதிக்கும். பிறகு டிஸ்கில் தனியாக ஒதுக்கப்பட்ட சிறு பகுதியிலிருந்து பூட் மேனேஜரை எடுக்கும். அது கெர்னலையும் தொடக்கத்திலேயே தேவைப்படும் டிரைவர்களையும் ரேமில் ஏற்றும். கெர்னல் நினைவகத்தைத் தன் கையில் எடுத்து, சாதனங்களை ஒவ்வொன்றாக முதலிலிருந்து தயார் செய்து, சேவைகளைத் தொடங்கி, கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரையைக் காட்டும். எல்லாக் கணக்கும் பூஜ்யத்திலிருந்து. விண்டோஸ் புதுப்பிப்புகள் ரீஸ்டார்ட் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது: பயன்பாட்டில் இருக்கும் சிஸ்டம் கோப்பின்மேல் புதிய கோப்பை எழுத விண்டோஸ் விடாது. அடுத்த முறை எழும்போது, யாரும் அதைத் தொடுவதற்கு முன் மாற்றிவைக்கும்.

முழுதாக அணைக்க வேண்டுமானால் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். நிரந்தரமாக நிறுத்த: கண்ட்ரோல் பேனல், ‘பவர் ஆப்ஷன்ஸ்’, ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’. அங்கே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அனவெய்லபிள்’ என்பதைத் தட்டினால்தான் கீழே உள்ள கட்டங்கள் திறக்கும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க் உள்ள கணினியில் திறக்கும் நேரம் பெரிதாக அதிகரிக்காது. நிறுத்திவைப்பதே நல்லது என்பது எங்கள் கட்சி.

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள கணினி. திறந்து ஐந்து நிமிடத்தில், ஒன்றுமே ஓடாதபோது 60 விழுக்காடு போய்விடுகிறது. ரேமைச் ‘சுத்தம்’ செய்யும் செயலி போடலாம் என்கிறான் மகன். (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: போட வேண்டாம். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை. நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை இயங்குதளம் முன்கூட்டியே ரேமில் எடுத்து வைத்துக்கொள்ளும். வேறொரு செயலி இடம் கேட்டால் அதே நொடியில் விட்டுக்கொடுத்துவிடும். 60, 70 விழுக்காடு என்பது மட்டுமே நோயின் அறிகுறி இல்லை. நோய் எங்கே இருக்கிறது என்று தெரிய, ரேம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இயங்குதளம் ரேமை 4 கிலோபைட் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறது. ஒரு துண்டுக்கு ‘பேஜ்’ என்று பெயர். உங்கள் 8 ஜிபியில் 20,97,152 துண்டுகள். ஒவ்வொரு செயலிக்கும் முழு வீடும் தனக்கே என்ற நினைப்பு. அது பயன்படுத்தும் முகவரிகள் எல்லாம் கற்பனை முகவரிகள். ‘இந்தச் செயலியின் இந்தக் கற்பனை முகவரி, ரேமின் இந்தத் துண்டு’ என்று ஓர் அட்டவணையைக் கெர்னல் வைத்திருக்கிறது. சிபியு ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துத்தான் ரேமைத் தொடும். உங்கள் வங்கிப் பக்கம் திறந்திருக்கும்போது பக்கத்தில் ஓடும் விளையாட்டுச் செயலி அதன் நினைவகத்தைத் தற்செயலாகக்கூட எட்டிப் பார்க்க முடியாததற்கு இந்த அட்டவணைதான் காரணம். விளையாட்டுச் செயலிக்கான அட்டவணையில் அந்தத் துண்டு இருக்காது.

இடம் போதாமல் போனால், வெகுநேரம் தொடப்படாத துண்டுகளை டிஸ்கில் உள்ள ‘பேஜ்ஃபைல்’ கோப்புக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தைக் கேட்டவருக்குக் கொடுக்கும். அனுப்பிய துண்டை அதன் சொந்தக்காரச் செயலி மறுபடி தொட்டால், செயலியை நிறுத்திவைத்து, துண்டை டிஸ்கிலிருந்து கொண்டுவந்து, பிறகு தொடரவிடும். இங்கேதான் வலி. ரேமைத் தொட ஏறக்குறைய 100 நானோவினாடி. எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க 100 மைக்ரோவினாடி, ஆயிரம் மடங்கு. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் 10 மில்லிவினாடி, லட்சம் மடங்கு. ரேமைத் தொடுவது ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால் எஸ்எஸ்டிக்குப் பதினேழு நிமிடம், ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல். எப்போதாவது நடந்தால் தெரியாது. ஒரு துண்டைக் கொண்டுவர இன்னொன்றை அனுப்பி, அனுப்பியதே உடனே தேவைப்பட்டு மறுபடி கொண்டுவந்து என்று சுழல ஆரம்பித்தால், சிபியு சும்மா இருக்க, டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்க, மௌஸ் தத்தளிக்கும்.

‘சுத்தம்’ செய்யும் செயலிகள் மற்றவற்றின் கையிலிருக்கும் துண்டுகளை வலுக்கட்டாயமாகப் பிடுங்குகின்றன. எண் இறங்கும்; பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த வினாடி அந்தத் துண்டுகள் தேவைப்பட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். தன் பங்குக்கு அந்தச் செயலியும் ரேமில் குடியிருக்கும்.

உண்மையிலேயே ரேம் போதவில்லையா என்று பார்க்க, வழக்கமான வேலைகளை எல்லாம் திறந்துவைத்துவிட்டு ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்று தேடித் திறங்கள். ‘மெமரி’ பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற வரைபடம், டிஸ்குக்குப் போய் எடுத்துவந்த தடவைகளைக் காட்டும். செயலி திறக்கும்போது எகிறி இறங்கினால் இயல்பு. நிமிடக்கணக்கில் நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் பற்றாக்குறை. டாஸ்க் மேனேஜரில் ‘கமிட்டட்’ (செயலிகளுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட நினைவகம்) என்ற எண்ணின் முதல் பாதியையும் பாருங்கள். 8 ஜிபி கணினியில் அது எந்நேரமும் 10, 11 என்று நின்றால் மற்ற ஆராய்ச்சி தேவையில்லை.

முதல் மருந்து இலவசம்: ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பட்டியலில் தேவையற்றவற்றை நிறுத்துவது, பிரவுசரில் கிடக்கும் முப்பது டேபைப் பத்தாக்குவது. அடுத்தது ரேம் கூட்டுவது. கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பும்முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேகமும் ‘ஸ்லாட்ஸ் யூஸ்ட்: 1 ஆஃப் 2’ போன்ற வரியும் அதில் இருக்கும். கணினியின் மாடல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது, வெட்டுக்குறியே வேறிடத்தில் இருக்கும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கூட்ட வழியில்லை.

கேள்வி: 1 டெராபைட் டிஸ்க் வாங்கினேன். கணினி 931 ஜிபி என்கிறது. மீதி எங்கே? (வாசகர், பொங்கோல்)

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1 டெராபைட்டை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,073,741,824 பைட்டை ஒரு ஜிபி என்று வகுக்கிறது. வகுத்தால் 931. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் முழு 1 டெராபைட் காட்டும். மேக் 2009 முதல் தயாரிப்பாளரைப் போலவே எண்ணுகிறது. 512 ஜிபி என்று வாங்குவது விண்டோஸில் 476 என்று தெரிவதும் இதே கணக்கு.

கேள்வி: திருமண வீடியோ ஒன்று 6 ஜிபி. 64 ஜிபி தம்ப் டிரைவில் ஏற்றினால் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று மறுக்கிறது. டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. இன்னொன்று: ‘எஜெக்ட்’ கொடுக்காமல் பிடுங்கினால் உண்மையில் ஏதும் ஆகுமா? (தம்பதியர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: அந்த டிரைவ் ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கிவைக்கும் பழைய முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு கோப்பின் நீளத்தை எழுத 32 பிட் கட்டம்தான் உண்டு. எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. ஆகவே ஒரு கோப்பு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத்தான் இருக்க முடியும். டிரைவில் உள்ளதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அதன்மேல் வலது கிளிக், ‘ஃபார்மேட்’, ‘எக்ஸ்ஃபேட்’ என்று தேர்ந்தெடுங்கள். பழைய தொலைக்காட்சிகளும் கார் ஸ்டீரியோக்களும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டத்தான் என்றால் வீடியோவை இரண்டாக வெட்டுவது மேல்.

பிடுங்குவதைப் பற்றி. எழுதும் வேலையை இயங்குதளம் சில சமயம் ரேமில் சேர்த்துவைத்து, மொத்தமாக டிரைவுக்கு அனுப்பும். திரையில் ‘முடிந்தது’ என்று வந்த பிறகும் கொஞ்சம் ரேமிலேயே நிற்கலாம். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து தம்ப் டிரைவ்களுக்கு இந்தச் சேர்த்துவைத்தல் இயல்பாக நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால்தான் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. மேக்கிலும் லினக்ஸிலும் அந்தத் தைரியம் கூடாது. எதில் ஆனாலும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் கெடுவது அந்த ஒரு கோப்பாக மட்டும் இருக்காது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பாதியில் நின்றால் மற்ற கோப்புகளும் காணாமல் போகும். உள் டிஸ்க்கில் உள்ள என்டிஎஃப்எஸ் முறை, அட்டவணையில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் செய்வதால் மின்வெட்டைத் தாங்கும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அந்த நாட்குறிப்பு இல்லை.

கேள்வி: ரீசைக்கிள் பின்னையும் காலி செய்த பிறகு, அழித்த படங்களை மீட்க முடியுமா? (வாசகி, பாசிர் ரிஸ்)

பதில்: அழித்தால் அட்டவணையில் ‘இந்த இடம் காலி’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். சுழலும் டிஸ்க்கில் புதிதாக ஏதும் அந்த இடத்தில் எழுதப்படும்வரை படம் அங்கேயே கிடக்கும். உடனே கணினியை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகி மீட்டால் நல்ல வாய்ப்பு உண்டு. மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அது போய் உட்காரும் இடம் உங்கள் படத்தின் இடமாகவே இருக்கலாம். எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. ‘ட்ரிம்’ என்ற கட்டளையால் இயங்குதளம் காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும். அது தன் வசதிக்கு அவற்றைத் துடைத்துவிடும். பெரும்பாலும் மீளாது.

கேள்வி: 2024 ஜூலையில் உலகம் முழுக்க நீலத் திரை வந்ததே, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் சின்னக் கோப்பால் முழுக் கணினியும் எப்படிப் படுத்தது? வேர்டு உறைந்தால் வேர்டு மட்டும்தானே மூடுகிறது? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், தெம்பனிஸ்)

பதில்: கேள்வியின் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது.

சிபியுவுக்குக் குறைந்தது இரண்டு அதிகார நிலைகள் உண்டு. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் 0 முதல் 3 வரை நான்கு வளையங்கள். நடைமுறையில் இரண்டைத்தான் இயங்குதளங்கள் பயன்படுத்துகின்றன. வேர்டு, பிரவுசர் எல்லாம் வளையம் 3. அவை டிஸ்க்கையோ வலையமைப்பு அட்டையையோ நேராகத் தொட முடியாது. வேர்டில் ‘சேவ்’ கொடுத்தால் அது கெர்னலிடம் மனுப் போடுகிறது. இதுதான் ‘சிஸ்டம் கால்’. சிபியு வளையம் 0க்கு மாறும். கெர்னல் உங்களுக்கு அந்தக் கோப்புறையில் எழுத உரிமை உண்டா என்று பார்த்து, டிரைவர் மூலம் எழுதவைத்து, ஆயிற்று என்றோ மறுத்தோ பதிலைக் கொடுத்து மறுபடி வளையம் 3க்கு இறங்கும். வேர்டு தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டால் சிபியு கெர்னலைக் கூப்பிடும். கெர்னல் வேர்டை மூடிவிடும். மேலே ஒருவர் இருப்பதால்தான் கீழே நடக்கும் தப்பு அங்கேயே முடிகிறது.

கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் ஒரு பகுதி கெர்னல் டிரைவர். வளையம் 0இல் ஓடுவது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12.09க்கு அதற்கு ஒரு புதிய தரவுக் கோப்பு அனுப்பப்பட்டது. அதில் குறிப்பிடப்பட்டவை 21 புலங்கள். படிக்கும் நிரலின் கையிலோ 20 மதிப்புகள்தான். இருபத்தோராவதை எடுக்கப் போய், தனக்கு ஒதுக்காத நினைவகத்தைத் தொட்டது. இங்கே தப்புச் செய்தது கெர்னலுக்குள் ஓடும் நிரல். அதைப் பிடித்து மூட அதற்கு மேலே யாரும் இல்லை. அந்த நிலையில் தொடர்ந்து ஓடினால், கெட்டுப்போன நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி எல்லாவற்றையும் பாழாக்கிவிடும். அதனால் விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்தியது. நீலத் திரை விபத்து இல்லை. விபத்து பரவாமல் இழுத்த பிரேக்.

1.27க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அந்த டிரைவர் பூட் ஆகும்போதே ஏறுவது. ஆகவே பல கணினிகள் எழுவதும் விழுவதுமாகவே இருந்தன. இணையத்தில் சேர்ந்து திருத்தத்தைப் பெறும் அளவுக்கு நிற்கவில்லை. மைக்ரோசாஃப்டின் மதிப்பீடு 85 லட்சம் கணினிகள். சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. மருந்தோ சின்னது: அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் சேஃப் மோடில் திறந்து, சி-00000291 என்று தொடங்கும் கோப்பை அழிப்பது. அதை ஒவ்வொரு கணினியாகப் போய்ச் செய்ய வேண்டியிருந்ததுதான் நாள்கணக்கில் இழுத்தது.

பல இடங்களில் இன்னொரு முட்டுக்கட்டையும் வந்தது: டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருந்ததால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் சேஃப் மோடுக்கே போக முடியவில்லை. உங்கள் மடிக்கணினியும் பூட்டப்பட்டிருக்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இன்றே பார்த்து, தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். கணினிக்குள்ளேயே சேமித்துவைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது போல.

வீட்டில் எப்போதாவது நீலத் திரை வந்தால் அதில் உள்ள ‘ஸ்டாப் கோட்’ வரியைப் படம் எடுங்கள். பிறகு ‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்ற கருவியைத் திறந்தால் எந்தத் தேதியில் என்ன நிறுவப்பட்டது, எப்போது விழுந்தது என்று நாள்வாரியாகக் காட்டும். புதிய டிரைவர் ஏறிய மறுநாளிலிருந்து தொடங்கியிருந்தால், ‘டிவைஸ் மேனேஜர்’ போய் ‘ரோல் பேக் டிரைவர்’. ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட் வந்தால் ரேமைச் சந்தேகியுங்கள்; ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 10 மடிக்கணினி நன்றாகவே ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். தூக்கிப் போடவேண்டியதுதானா? லினக்ஸ் போட்டால் தமிழ் தட்டச்சு வருமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், புக்கிட் பாத்தோக்)

பதில்: ஐயா, தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அப்படியே விடவும் முடியாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேரும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்குப் பிறகும் கணினி ஓடும். கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள்தாம் அடைபடாது.

முதலில் ‘ஏறாது’ என்பது உண்மையா என்று பாருங்கள். விண்டோஸ், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘டிபிஎம் டாட் எம்எஸ்சி’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் பதிப்பு 2.0 என்று வந்தால் ஒரு தடை நீங்கியது. டிபிஎம் இல்லவே இல்லை என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். யுஇஎஃப்ஐ அமைப்புகளில் ‘பிடிடி’ அல்லது ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. அதற்கு முந்தியது என்றால் லினக்ஸ் பக்கம் வாருங்கள்.

ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய கெர்னல் இது. ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே லினக்ஸ் கெர்னலைத்தான் பயன்படுத்துகிறீர்கள். விண்டோஸிலிருந்து வருபவருக்கு, இந்தக் கெர்னலை வைத்துக் கட்டிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் பழக எளிது. குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி இடம். வசதியாக ஓட 4 ஜிபியும் 100 ஜிபியும் என்கிறார்கள். ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓ கோப்பை (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கி, ‘ரூஃபஸ்’ போன்ற கருவியால் 8 ஜிபி தம்ப் டிரைவில் எழுதுங்கள். சும்மா நகலெடுத்து ஒட்டினால் பூட் ஆகாது. கணினியை முழுதாக அணைத்து, டிரைவைச் செருகி, திறந்தவுடன் எஃப்12 தட்டிக்கொண்டே இருங்கள் (எச்பி என்றால் எஃப்9, ஏசூஸ் என்றால் எஸ்கேப்). வரும் பட்டியலில் தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது லினக்ஸ் தம்ப் டிரைவையும் ரேமையும் வைத்துத்தான் ஓடுகிறது. உங்கள் விண்டோஸ் டிஸ்க்கில் தொடப்படாமல் இருக்கிறது. இந்த நிலையிலேயே ஒரு நாள் பழகிப் பாருங்கள். வைஃபை சேர்கிறதா, ஒலி வருகிறதா, வெளிச்சம் கூட்டும் விசைகள் வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா. இவை எல்லாம் டிரைவர் சம்பந்தப்பட்டவை. லினக்ஸ் சிக்கினால் இங்கேதான் சிக்கும். தமிழுக்கு ‘ஐபஸ்’ என்ற தட்டச்சுக் கருவி, அதோடு ‘எம்17என்’ என்ற தொகுப்பு. அதில் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையும் இருக்கின்றன. அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ் பக்கங்கள் பிரவுசரில்தான் திறக்கும், க்யூஆர் குறியைக் கைப்பேசியால் வருடிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் வேர்டு நேரடியாக ஓடாது. லிப்ரே ஆஃபிஸ் உங்கள் பழைய வேர்டு கோப்புகளைத் திறக்கும், ஆனால் அட்டவணைகள் நிறைந்த வினாத்தாள் போன்றவற்றில் வரிகள் இடம் மாறலாம். மிகச் சிக்கலான இரண்டு கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

பிடித்திருந்தால் மட்டும் திரையில் உள்ள ‘இன்ஸ்டால்’ படத்தைத் தட்டுங்கள். சில கேள்விகளுக்குப் பிறகு ‘எரேஸ் டிஸ்க்’ என்று ஒரு தெரிவு வரும். அதைத் தேர்ந்து உறுதிப்படுத்திய பிறகு திரும்பி வர வழி கிடையாது. அந்த இடத்துக்கு வருவதற்கு முன் உங்கள் படங்களும் கோப்புகளும் வெளி டிஸ்க்கில் இருக்கவேண்டும். அந்த டிஸ்க்கும் கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்டிருக்கவேண்டும். இரண்டு டிஸ்க் செருகியிருக்கும்போது அவசரத்தில் தவறானதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய.